ராணியின் கம்மல் எங்கே?

"செஞ்ச தப்ப இல்லைன்னு சாதிக்கிறவனக் கூடக் காப்பாத்திடலாம் கொழுந்தனாரே. செய்யாததச் செஞ்சேன்னு அடம்பிடிக்கிறவன என்ன பண்றது?" என்றார் அண்ணி, போலீஸ் ஸ்டேஷன் படியில் இறங்கிக்கொண்டே.

அண்ணி என்றால் சாட்சாத் என் அண்ணன் மனைவிதான். ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, எரியாத கடைகளுக்கும் திருடுபோகாத கார்களுக்கும் பணம் கேட்டு வந்தவர்களை ஓட ஓட விரட்டியவர். பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அண்ணன் முதல் போட்டார். என்னிடம் வாய் மட்டும்தான் இருந்தது, அதைப் போட்டேன்.

அன்றைக்கு அந்த வாய்க்கும் வேலை இல்லாமல் போகும் போலிருந்தது. உள்ளே ஸ்டீல் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர் பழங்காசுகளைப் படம் எடுப்பவர். சேகரிப்பாளர்கள் தங்கள் காசுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் வீட்டில் வைத்து டிஜிட்டல் மைக்ரோஸ்கோப்பில் பெரிதாக்கிப் படம் எடுத்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பார். இத்தனை வருடமாக ஒரு தூசி கூடக் குறைந்ததில்லை என்று பெயர்.

இந்த முறை குறைந்தது என்கிறார் காசுக்காரர். அவருடையது ராணி தலை போட்ட வெள்ளிக் காசு. விற்பதற்காகப் படம் எடுக்கக் கொடுத்தார். படத்தில் ராணியின் காதுக்குக் கீழே மெல்லிய கீறல் ஒன்று தெரிந்தது. வாங்க வந்த ஆள் காசைக் கையில் வாங்கி, கண்ணில் லென்ஸைப் பொருத்திப் பார்த்தார். கீறல் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய மேடு இருந்தது. "பள்ளம் எப்படிங்க மேடாகும்? இது அச்சுல உருக்கி ஊத்தி எடுத்த போலி. படத்துல இருக்கறது இது இல்ல," என்று சொல்லிவிட்டு அந்த ஆள் கிளம்பிப் போய்விட்டார். காசுக்காரர் நேராகப் போலீசுக்கு வந்தார்.

படம் எடுத்தவரை அழைத்து அந்தப் படத்தையும் அந்தக் காசையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு, "நாந்தான் மாத்தினேன்," என்றார். அதோடு சரி.

அண்ணி அவரிடம் பேசிய அழகையும் சொல்லிவிடுகிறேன்.

"அசல் காசு எங்கே?"

"ஆத்துல போட்டுட்டேன்."

"திருடினதே போடறதுக்குத்தானா?"

"பயந்துட்டேன்."

"எந்த ஆத்துல?"

"ஓடற ஆத்துல."

"நல்லவேளை. நடக்கற ஆத்துல போட்டிருந்தா தேடறதுக்கு நாங்களும் பின்னாடியே நடக்கணும்," என்றேன் நான். அவர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து அண்ணியைப் பார்த்து, இரண்டு கைகளையும் கூப்பினார்.

"வீட்டுக்குப் போகாதீங்க. அவள எதுவும் கேக்காதீங்க. சாயங்காலம் ஆஸ்பத்திரில சேர்ந்தாகணும் அவ. அவள விட்டுடுங்க."

அவள் என்பது அவர் மனைவி. காலையில் எங்கள் ஆபீஸ் கதவைத் தட்டி, "என் வீட்டுக்காரர் ஊசி கூடத் திருட மாட்டார்," என்று அழுதவள். அவளுடைய ஒரே தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. நாளைக் காலையில் ஆபரேஷன். ஒன்றைக் கொடுக்கப் போகிறவள் இவள். இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. புருஷன் வெளியே வராமல் நகர மாட்டேன் என்று ஸ்டேஷன் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கோர்ட் மூடறதுக்குள்ள அவரக் கொண்டு போயிடுவோம் மேடம். அதுக்கப்புறம் என் கையில எதுவும் இல்ல," என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் தானே வந்து ஒப்புக்கொள்கிற ஆளை எந்த இன்ஸ்பெக்டர் வேண்டாமென்று சொல்வார்?

வீடு அடுத்த தெருவில்தான். அவள் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அண்ணி என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"திருடன் தன்ன மறைப்பான். இந்த ஆள் பொண்டாட்டிய மறைக்கிறான். அவ எடுத்துட்டான்னு நினைக்கிறான். அவ உள்ள போனா ஆபரேஷன் நடக்காது. தம்பி செத்துடுவான். அதனால தான் பழிய ஏத்துக்கறான்."

"அவதான் எடுத்திருந்தா?"

"அதுக்குத்தான் போறோம்."

புருஷனைக் காப்பாற்றினால் பெண்டாட்டி மாட்டுவாள். பெண்டாட்டியைக் காப்பாற்றினால் புருஷன். இரண்டில் எது நடந்தாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவன் காத்துக்கொண்டிருப்பான்.

படம் எடுக்கும் அறை, அறை என்று சொல்வதற்கே கூச்சப்படும் அளவில் இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. சுவரை ஒட்டி மேஜை. அதன் மறு ஓரத்தில், சுவர்ப் பக்கம், திருகால் இறுக்கிய மேஜை விளக்கு. நடுவில் சின்ன ஸ்டாண்டு. அதன் வளையத்துக்குள் டார்ச் லைட் மாதிரி ஒரு குழாய் லென்ஸைக் கீழே பார்க்க வைத்துச் செருகியிருந்தது. அதுதான் மைக்ரோஸ்கோப். உச்சியிலிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்குப் போயிற்று. அடியில் கறுப்பு ரப்பர் பாய். பக்கத்தில் பருத்திக் கையுறை, பல்குத்தும் குச்சி, ஊதி தூசி தட்டும் ரப்பர் பந்து.

"குழாயோட வாயச் சுத்தியே குட்டி விளக்கெல்லாம் இருக்கே, அதப் போட மாட்டாரா?" என்றார் அண்ணி.

"போட்டா காசு கண்ணாடி மாதிரி பளிச்சிடுங்க்கா, வெள்ளைப் புள்ளியாத் தெரியும். அதனால அத அணைச்சிட்டு மேஜை விளக்க மட்டும் வெப்பார். காசு தலைக்கு மேலேருந்து சூரியன் அடிக்கிற மாதிரி இருக்கணும்பார். விளக்க நான் துடைக்கத் தொட்டாக் கூடத் திட்டுவார்."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கணவனின் கோபத்தை நினைத்து ஒருத்தி அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, அவளையும் எதிரில் உட்காரச் சொன்னார். "சுத்தி வளைக்க நேரமில்லம்மா. காச நீ எடுத்தியா?"

அவள் அதிரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எல்லாரும் கேப்பாங்கன்னு தெரியும். கேளுங்க. அந்தக் காசு இந்த டிராயர்லதான் இருந்துது. சாவி இருக்கற இடம் எனக்கும் தெரியும். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனப்பல்லாம் நான் தனியாத்தான் இருந்தேன். ஒருநாள் அவர் பக்கத்துல நின்னு, இந்த ஒண்ணு நம்முதா இருந்தா என் தம்பி பொழச்சு எழுந்துடுவான்னு சொன்னேன். வாயாலதான் சொன்னேங்க்கா. கையால எடுக்கல."

போன் அடித்தது. ஆஸ்பத்திரி. "வந்துடறேன் சிஸ்டர், வந்துடறேன்," என்று சொல்லிக்கொண்டே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் போனைத் தம்பியிடம் கொடுத்திருக்க வேண்டும். "நீ சாப்பிட்டியாடா? மாமாவா? மாமா வேலையா இருக்கார். வருவார்," என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது. குரல் அப்படித் தந்தியடித்தது.

நான் கண்ணைத் திருப்பி லேப்டாப்பைப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன படம் திரை முழுக்க நின்றது. ராணியின் கன்னம், காதின் அடிப்பகுதி, அதற்குக் கீழே நேராக இறங்கும் கீறல். படத்தின் ஓரத்தில், காது மடலில், குட்டியாக ஒரு குழி.

எனக்குத் துக்கம் தாங்காவிட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "பாவம், ராணிக்கும் கஷ்ட காலம் போலிருக்கு. கம்மலக் கழட்டி வித்துட்டாங்க, ஓட்டை மட்டும்தான் மிச்சம்," என்றேன்.

"என்ன சொன்னீங்க?" என்றார் அண்ணி.

"சும்மா ஒரு..."

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன். அண்ணி என்னைத் தள்ளிவிட்டுத் திரைக்கு முன்னால் குனிந்தார். ராணியின் காது மடலைப் பார்த்தார். சாதாரண கேமராவில் எடுத்த முழுக் காசின் படத்தைத் திறந்தார். அதில் ராணி ஜம்மென்று கம்மல் போட்டிருந்தாள், உருண்டையாக, ஒரு முத்து மாதிரி. மறுபடியும் பெரிய படம். அதே காதில் குழி.

"காச மாத்தினவன் படம் எடுத்த பிறகுதானே மாத்தினான்? படத்துக்குள்ள இருக்கற கம்மல எப்படிக் கழட்டினான்?" என்று தனக்குத் தானே முணுமுணுத்தார். பிறகு எழுந்து மைக்ரோஸ்கோப்பை நாலா பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவருக்கும் மேஜைக்கும் நடுவில் தலையை நுழைத்துக்கூடப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் குழாய்ல படம் எடுக்கற பொத்தான் ஒண்ணு இருக்குமே?"

"அதுல அமுக்க மாட்டார். குழாய் ஆடிடும்னு மவுஸ்லதான் எடுப்பார்."

"அந்தப் பொத்தான் இப்ப சுவரப் பாத்துக்கிட்டு நிக்குது. எப்பவும் அப்படியா?"

அவள் எழுந்து வந்து பார்த்தாள். "இல்லையே. இந்தப் பக்கம்தான் இருக்கும்." திடீரென்று முகம் வெளுத்தது. "நாந்தாங்க்கா. கண்ணாடி டம்ளர் ஒடஞ்சு கால்ல சில்லு ஏறிடுச்சு. கண்ணுக்குத் தெரியல. இதக் கழட்டிக் கால்ல வெச்சுப் பாத்துத்தான் எடுத்தேன். அப்புறம் செருகி வெச்சுட்டேன். அவர் பாத்துட்டு, என் மேஜைல என்ன பண்ணினேன்னு கேட்டார். திட்டுவாரோன்னு, ஒண்ணுமில்ல, தொடச்சேன்னு சொல்லிட்டேன். அன்னிக்குத்தான் காசும் வந்துது. நான் எதையாவது கெடுத்துட்டேனா?"

"காசு வந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. காசுக்காரர் பெல் அடிச்சப்பதான் அவசரமாச் செருகினேன்."

அண்ணி அவள் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்தார். "ஒண்ணும் கெடலம்மா. முகத்தக் கழுவிட்டு வா. கொழுந்தனாரே, இந்தப் படத்தப் பேப்பர்ல பிரிண்ட் அடிங்க. மைக்ரோஸ்கோப்பு, லேப்டாப்பு ரெண்டையும் பைல போடுங்க."

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

"நடங்க, சொல்றேன்." சொல்லவில்லை. எப்போது சொல்லியிருக்கிறார்!

ஸ்டேஷன் வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. போட்டோக்காரரை இரண்டு பேர் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். மனைவியைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் "ஏங்க" என்றாள். அவர் காதில் விழாத மாதிரி நின்றார்.

"சார், ஒரு நிமிஷம். ஜீப்ப அணைக்கச் சொல்லுங்க, டீசலாவது மிச்சமாகும்," என்று அண்ணி உள்ளே நுழைந்தார். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வேண்டா வெறுப்பாக எல்லோரையும் உள்ளே அழைத்தார். மூலையில் காசுக்காரர், காசை நெகிழிப் பெட்டியோடு நெஞ்சில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அண்ணி பேப்பரை மேஜையில் வைத்தார். "இது என்ன சார்?"

"கீறல்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பள்ளமா, மேடா?"

"பள்ளம்."

அண்ணி ஒரு விரலால் பேப்பரைத் தலைகீழாகத் திருப்பினார்.

சத்தியமாகச் சொல்கிறேன்: கீறல் எழுந்து நின்றது. அதே கோடு, அதே பேப்பர், ஆனால் இப்போது அது கன்னத்தின் மேல் ஒட்டிய நூல் மாதிரி மேடாகத் தெரிந்தது. காது மடலில் இருந்த குழி உருண்டு திரண்டு ராணியின் கம்மலாகிவிட்டது.

"இது கண்கட்டு வித்தை!" என்று காசுக்காரர் கத்தினார். "பேப்பர்ல என்ன வேணாலும் காட்டலாம்!"

"சரிங்க ஐயா, பேப்பர் வேண்டாம். உங்க காசு, உங்க கை."

லேப்டாப்பைத் திறந்து மைக்ரோஸ்கோப்பை ஸ்டாண்டில் மாட்டினோம். பொத்தான் முன்னால் பார்க்க, சரியாக. காசுக்காரர் பெட்டியிலிருந்து காசை எடுத்து வைத்தார். திரையில் காது வந்தது. அண்ணி தன் போனின் டார்ச்சை அவரிடம் கொடுத்தார். "ராணி தலைக்கு மேலேருந்து அடிங்க."

அடித்தார். மேடு.

"இப்ப கழுத்துப் பக்கம் வந்து, கீழேருந்து அடிங்க."

அவர் கை சுற்றி வந்தது. எங்கள் கண் முன்னாலேயே மேடு இறங்கிக் கீறலாயிற்று. கம்மல் குழியாயிற்று. அவர் மறுபடி மேலே கொண்டுபோனார், மறுபடி கீழே. மூன்றாவது தடவையும் செய்து பார்த்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நம்ம கண்ணுக்கு ஒரு பழக்கம்," என்றார் அண்ணி. "சூரியன் மேல, பல்பு மேல. வெளிச்சம்னா மேலேருந்துதான் வரும்னு நம்பிடும். கீழேருந்து வந்தா பள்ளத்த மேடுங்கும், மேட்டப் பள்ளங்கும். அன்னிக்கு இந்தக் குழாய் ஸ்டாண்டுல பின்பக்கம் முன்பக்கமா மாறிச் செருகியிருந்துது. ராணி திரையில தலைகீழாத் தெரிஞ்சா. இவர் என்ன பண்ணினார்? காசத்தான் தப்பா வெச்சுட்டோம்னு நெனச்சு, குச்சியால காசத் திருப்பினார். திரையில ராணி நிமிர்ந்துட்டா. ஆனா மேஜை விளக்கு நகரலியே! இப்ப அது ராணியோட கழுத்துப் பக்கம். தன் விளக்கு எப்பவும் தலைக்கு மேலதான்னு நம்பினவர், தன் படத்தையே தப்பாப் படிச்சார்."

"அவ்வளவு அனுபவசாலிக்கு இது தெரியாதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அனுபவசாலிதான் சார் இப்படி ஏமாற முடியும். புதுசா வந்தவன் விளக்கு எங்க இருக்குன்னு ஒருதரம் பார்ப்பான். அதுவும் கை காசுலயும் காது ஆஸ்பத்திரி போன்லயும் இருந்த நாள்." அண்ணி காசைத் தொட்டுக் காட்டினார். "படத்துல இருக்கறது இதே காசு, அந்த மேடு அச்சடிச்சப்பவே விழுந்தது. யாரும் மாத்தல. யாரும் திருடல. ஐயா, உங்க ராணி வீட்ட விட்டு எங்கயும் போகல."

காசுக்காரர் பெட்டியை மூடினார். "நான் புகார வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் ஒரு குத்தாட்டம் போடத் தயாரானேன். அப்போதுதான் போட்டோக்காரரைப் பார்த்தேன். அவர் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். அண்ணி வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அவர் கவனிக்கவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து, மனைவியின் பக்கம் திரும்பிச் சந்தோஷமாக, சின்னக் குழந்தை மாதிரி சந்தோஷமாகக் கேட்டார்:

"அப்ப நீ எடுக்கலையா?"

அவள் அவர் கையைப் பிடிக்க வந்தவள், பாதியில் நின்றாள்.

"நானா?"

"இல்ல... அன்னிக்கு மேஜைல என்ன பண்ணினேன்னு கேட்டப்ப ஒண்ணுமில்லன்னியா... தம்பி பொழச்சுடுவான்னு வேற சொன்னியா..."

"அதனாலதான் ஒத்துக்கிட்டீங்களா?"

"உன்ன உள்ள விட முடியுமா? நாளைக்கு ஆபரேஷன வெச்சுக்கிட்டு? எனக்கு வேற வழி தெரியல." அவர் அழுதார். "ஜெயிலுக்குப் போகவும் தயாராத்தானே இருந்தேன் உனக்காக!"

"ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமே," என்றாள் அவள். அவள் அழவில்லை. காலையிலிருந்து ஓயாமல் அழுத கண் அப்போது உலர்ந்திருந்தது. "ஊசி கூடத் திருட மாட்டார்னு இவங்க காலப் பிடிச்சு அழுதேங்க நான். உங்கள ஒரு கேள்வி கூடக் கேக்கணும்னு எனக்குத் தோணல."

இன்ஸ்பெக்டர் எதையாவது செய்தாக வேண்டுமே என்று ஒரு தாளை எடுத்து எழுதினார். எழுதி முடித்துப் போட்டோக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு அவள் பக்கம் பேனாவை நீட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் திருடல, விட்டுட்டோம்னு எழுதியிருக்கேன். சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

அவள் குனிந்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். கைப்பையில் போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிதான். எடுத்து, "கிளம்பிட்டேன் சிஸ்டர்," என்றாள். பிறகு பேனாவை இன்ஸ்பெக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"சார், நானும் திருடலன்னு இதே மாதிரி ஒரு தாள் எழுதி இவர்கிட்டக் குடுங்க. நாளைக்கு நான் கண்ண முழிச்சு வர்றதுக்குள்ள அதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டு வைக்கட்டும்."